நம்பிச் சொன்னேன் என்றால் போதுமா?

பொய்ச்சாட்சியை விலக்கும் எட்டாம் கட்டளையை நம் சிறுவர்கள் மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடமாக ஒப்புவிக்கின்றனர். பலகாரத்தைத் தின்றுவிட்டு இல்லை என்பதும், வீட்டுப்பாடம் செய்யாமலே செய்தேன் என்பதும் தவறென்று அவர்களுக்குக் கற்பிக்கிறோம். நன்றே. ஆனால் நாட்டை ஆள்வோர் மெய்யல்லாத ஒன்றைப் பரப்பி, அதனால் மக்கள் மாண்டால், அக்கட்டளை அவர்களைக் கட்டுப்படுத்தாதோ? அவர்களிடம் கணக்குக் கேட்க வேண்டியவர் யார்? நடந்த நிகழ்ச்சி ஒன்றைக் கொண்டே இதனைச் சிந்திப்போம்.

டர்பன் நகரில் ஒரு சிறுவன்

தென் ஆப்பிரிக்காவின் டர்பன் நகரம் நமக்கு அந்நியமானதன்று. 1860-ஆம் ஆண்டு சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாய்க் கப்பலேறிய நம் மக்கள் கரையிறங்கிய துறைமுகம் அது. அங்கே 2000-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் உலக எய்ட்ஸ் மாநாடு கூடிற்று. தாயின் வழியாக எச்.ஐ.வி. கிருமியோடு பிறந்த என்கோசி ஜான்சன் என்னும் 11 வயதுச் சிறுவன் மேடையேறி, கருவுற்ற தாய்மாருக்கு மருந்து கொடுக்குமாறு அரசை வேண்டினான். அடுத்த ஆண்டு ஜூன் முதல் நாள் அவன் இறந்தான்.

அவன் கேட்டது கிடைக்காத பொருளன்று. பிரசவ வேளையில் தாய்க்கு ஒரு மாத்திரை, பிறந்த குழந்தைக்குச் சிறிதளவு மருந்து; இவ்வளவே தேவைப்பட்ட நெவிரபின் என்னும் மருந்து, தொற்றை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. அதைத் தயாரித்த நிறுவனம் ஐந்தாண்டுகளுக்கு இலவசமாகவே தர முன்வந்தது. ஆயினும் அரசு அதனை மாநிலத்துக்கு இரண்டே இடங்களில் அனுமதித்தது.

காரணம் என்ன? அன்றைய அரசுத் தலைவர் தாபோ உம்பெக்கி, எய்ட்ஸ் நோய்க்கு அக்கிருமிதான் காரணமா என்று ஐயம் கிளப்பினார். 5,000-க்கும் மேற்பட்ட அறிவியலாரும் மருத்துவரும் கையொப்பமிட்டு உண்மையை அறிவித்த பின்னும் அவர் மனம் மாறவில்லை. சுகாதார அமைச்சராயிருந்த மாண்டோ ஷபலாலா சிமாங், பூண்டையும் பீட்ரூட்டையும் எலுமிச்சையையும் நோயாளிகளுக்குப் பரிந்துரைத்தார்.

அறியாமையும் குற்றமாகலாம்

அவர்கள் அறிந்தே பொய்யுரைத்தனரா, அன்றித் தாம் சொன்னதைத் தாமே நம்பினரா? உள்ளங்களை அறிபவர் இறைவன் ஒருவரே. ஆயினும் திருச்சபையின் அறநெறிப் போதனை இங்கே நமக்குத் தெளிவு தருகிறது. அறியாமை இருவகைப்படும். முயன்றாலும் நீக்க இயலாத அறியாமை ஒன்று, அதற்குக் குற்றமில்லை. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், ஆராய்ந்திருந்தால் விளங்கியிருக்கும். ஆயினும் கேளாமலும் ஆராயாமலும் இருந்ததால் நீடித்த அறியாமை மற்றொன்று. அது மனிதனைக் குற்றத்தினின்று விடுவிக்காது.

பேருந்து ஓட்டுநர் ஒருவர், பிரேக் சரியாயிருக்கும் என்று நம்பினேன் எனச் சொல்லித் தப்ப முடியுமா? சோதித்துப் பார்ப்பது அவர் கடமையன்றோ! ஐம்பது பேரின் உயிரைச் சுமப்பவருக்கே இக்கடமை என்றால், ஒரு நாட்டையே சுமப்பவருக்கு அது எத்துணைப் பெரிது!

நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை நினைவுகூர்வோம். பொய்ச்சாட்சிகளை ஏவியவள் ஈசபேல். ஆகாபு தன் வாயால் பொய் சொல்லவில்லை. ஆயினும் அத்தோட்டத்தைச் சொந்தமாக்கிக்கொள்ள அவன் சென்றபோது, இறைவாக்கினர் எலியா அங்கேயே அவனை எதிர்கொண்டு, அவ்விரத்தப்பழியை அவன்மேல் சுமத்தினார். அரசன் என்பதால் அவனுக்கு விலக்களிக்கப்படவில்லை.

கணக்குக் கேட்ட மக்கள்

தென் ஆப்பிரிக்காவில் எலியாவின் பணியைச் செய்தவர்கள் எளிய மக்கள். நோயுற்றோரும் மருத்துவரும் இணைந்த ஓர் இயக்கம் அரசின்மேல் வழக்குத் தொடுத்தது. 2002-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் நாள், அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம், மருந்துக்கு இட்ட தடையைத் தாமதமின்றி நீக்குமாறு தீர்ப்பளித்தது. தலைவர் பொய்யரா என்று நீதிமன்றம் ஆராயவில்லை. மருந்தை மறுத்ததற்கு நியாயமான காரணம் உண்டா என்றே கேட்டது. காரணம் நிற்கவில்லை.

எனினும் காலம் கடந்துவிட்டது. 2000 முதல் 2005 வரை அரசின் தாமதத்தால் 3,30,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர் என்றும், 35,000 குழந்தைகள் நோயோடு பிறந்தனர் என்றும் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் 2008-இல் மதிப்பிட்டனர். இதற்காக உம்பெக்கியையோ அமைச்சரையோ எந்த நீதிமன்றமும் தண்டிக்கவில்லை.

நமது கடமை

நம் நாட்டில் 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், வேட்பாளரின் தனி ஒழுக்கத்தைப் பற்றிப் பொய்யென்று அறிந்தே அவதூறு பரப்புவதை முறைகேடு என்கிறது. மெய்ப்பிக்கப்பட்டால் தேர்தல் வெற்றியே செல்லாததாகலாம். நோயையும் மருந்தையும் பற்றிய பொய்யுரை அப்பிரிவில் அடங்காது. அப்படியாயின் எல்லாப் பொய்களுக்கும் தண்டனைச் சட்டம் இயற்றலாமே எனச் சிலர் கேட்கலாம். எது பொய் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஆள்வோரிடமே கொடுத்திருந்தால், தென் ஆப்பிரிக்காவில் அன்று வாயடைக்கப்பட்டிருப்போர் மருத்துவர்களே! ஆகவே சட்டம் மட்டும் போதாது. சான்று கேட்கும் மக்களும், அஞ்சாத நீதிமன்றமும் வேண்டும்.

திருடிய பொருளைத் திருப்பிக் கொடாமல் மனத்துயர் நிறைவுறாது என்பதை நாம் அறிவோம். உண்மைக்கு எதிராகச் செய்த குற்றத்திற்கும் பரிகாரக் கடமை உண்டு என்றே திருச்சபை கற்பிக்கிறது. மேடையில் சொன்ன பொய்யை மேடையிலேயே திருத்த வேண்டும். அவ்வாறு திருத்துமாறு கேட்கும் உரிமை, வாக்களிக்கும் ஒவ்வொருவருக்கும் உண்டு.

ஆதலால், வாக்குக் கேட்டு நம் வாசலுக்கு வருவோர் யாராயினும், நம் கட்சியினரே ஆயினும், நம் சமயத்தவரே ஆயினும், சொன்னதற்குச் சான்று கேட்போம். சான்று கிடைக்கும்வரை அதனைப் பிறருக்குச் சொல்லாதிருப்போம். மேடையில் பிறந்த பொய் நம் வீட்டுத் திண்ணையில்தான் வளர்கிறது. கண்காணிப்பாளனிடம் கணக்குக் கேட்ட தலைவனின் உவமையைச் சொன்ன நம் ஆண்டவர், ஆள்வோரிடம் ஆட்சியின் கணக்கைக் கேட்பார். நம்மிடமோ நம் மௌனத்தின் கணக்கைக் கேட்பார்.