ஒரு கிளிக், ஒரு சதவீதம், அதுக்குப் பின்னால எத்தனை பேர்?

இன்னைக்கு எபிசோட்ல எக்செல்ல ஒரு எச்ஆர் டாஷ்போர்டு செய்யப்போறோம். பட்டனை அழுத்தினா சார்ட் மாறணும், அதுதான் இன்டராக்டிவ். கோடிங் எதுவும் வேண்டாம்.

சாதாரண ரிப்போர்ட் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிட்டு நின்னுடும். ஆனா மீட்டிங்ல ஒரு பதில் வந்ததுமே அடுத்த கேள்வி வரும். "சேல்ஸ்லதான் ஆட்கள் நிக்கவே மாட்டேங்கிறாங்க"ன்னு ஒருத்தர் சொல்வார். "சேல்ஸ்ல யார்? எந்தப் பதவி?"ன்னு இன்னொருத்தர் கேட்பார். அந்த ரெண்டாவது கேள்விக்கு அங்கேயே பதில் கிடைக்கணும். அதுக்குத்தான் இந்த வேலை.

தரவைத் தயார் பண்ணுவோம்

பழகுறதுக்கு உங்க ஆபீஸ் தரவை எடுக்காதீங்க, அது மத்தவங்க சம்பளமும் விவரமும். கேகிள் தளத்துல "ஐபிஎம் எச்ஆர் அனலிட்டிக்ஸ்"னு தேடுங்க. ஐபிஎம் டேட்டா சயின்டிஸ்டுகள் உருவாக்கின கற்பனைத் தரவு ஒண்ணு இலவசமா கிடைக்கும். 1,470 ஊழியர்கள், 35 நெடுவரிசைகள். அதுல வேலையை விட்டவங்க 237 பேர்.

முதல்ல மூணு நெடுவரிசைகளைத் தூக்கிடலாம். "எம்ப்ளாயீ கவுண்ட்" எல்லாருக்கும் 1. "ஸ்டாண்டர்டு ஹவர்ஸ்" எல்லாருக்கும் 80. "ஓவர் 18"ல எல்லாருக்கும் ஒய். எல்லாருக்கும் ஒரே பதில்னா அதுல தேட ஒண்ணும் இல்லை.

அடுத்து, "விலகல்"னு புதுசா ஒரு நெடுவரிசை. "அட்ரிஷன்"ல யெஸ்னு இருந்தா 1, நோன்னு இருந்தா 0. இது சின்ன தந்திரம்தான், ஆனா பாதி வேலை இதிலேயே முடிஞ்சிடும். 0-வும் 1-மா இருக்கிற எண்களோட சராசரிதான் விலகல் விகிதம்.

இன்னொண்ணு கவனிங்க. இந்தத் தரவுல யார் எந்தத் தேதியில விலகினாங்கன்னு கிடையாது. அதனால "மாதவாரியா விலகல்"னு ஒரு கோட்டு வரைபடம் போடவே முடியாது. நிஜ கம்பெனியில ஒரு காலகட்டத்துல விலகினவங்களை, அந்தக் காலகட்டத்தோட சராசரி ஊழியர் எண்ணிக்கையால வகுப்பாங்க. அதுக்குத் தேதி வேணும்.

பிவட் டேபிளும் ஸ்லைசரும்

தரவு மேல கர்சரை வச்சு கண்ட்ரோல், டி ரெண்டையும் சேர்த்து அழுத்துங்க, டேபிளா மாறிடும். பிறகு இன்செர்ட் போய் ஒரு பிவட் டேபிள். வரிசைப் பகுதியில துறை. மதிப்புப் பகுதியில "விலகல்", அதை சம்ல இருந்து ஆவரேஜுக்கு மாத்தி, சதவீதமா காட்டச் சொல்லுங்க. பக்கத்திலேயே ஊழியர் எண்ணை கவுண்ட்டா வைங்க. இந்தக் கவுண்ட்டை யாரும் வைக்கிறதில்லை, ஆனா இன்னைக்கு கதையே அதுதான்.

இப்போ திரையில மூணு துறை தெரியும். ஆராய்ச்சித் துறையில 961 பேர், விலகல் 13.8 சதவீதம். சேல்ஸ்ல 446 பேர், 20.6 சதவீதம். எச்ஆர்ல 63 பேர், 19 சதவீதம். இந்த மூணு சதவீதத்தையும் கூட்டி மூணால வகுத்தா 17.8 வரும். அது தப்பு. உண்மையான மொத்த விகிதம் 16.1. 961 பேர் இருக்கிற துறைக்கும் 63 பேர் இருக்கிற துறைக்கும் ஒரே எடை கொடுக்கக்கூடாது. பிவட் டேபிளோட மொத்த வரி இதைச் சரியாவே கணக்குப் போடும், அதை நம்புங்க.

இந்தப் பிவட்டை மூணு, நாலு தடவை காப்பி பண்ணி, ஒவ்வொண்ணுலயும் வரிசைப் பகுதியை மாத்துங்க: பதவி, ஓவர்டைம், பாலினம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு பார் சார்ட். கடைசியா இன்செர்ட்ல ஸ்லைசர். ஸ்லைசர் மேல ரைட் கிளிக் பண்ணி "ரிப்போர்ட் கனெக்‌ஷன்ஸ்"ல எல்லாப் பிவட்டையும் டிக் பண்ணுங்க. இப்போ ஒரு பட்டன் அழுத்தினா எல்லா சார்ட்டும் சேர்ந்து மாறும்.

கிளிக் பண்ணா என்ன தெரியுது?

சேல்ஸை அழுத்துங்க. பதவி சார்ட்டைப் பாருங்க. சேல்ஸ் ரெப்ரசென்டேட்டிவ் 83 பேர்ல 33 பேர் போயிருக்காங்க. கிட்டத்தட்ட 40 சதவீதம். அவங்களை விட்டுட்டு மிச்ச சேல்ஸ் துறையை மட்டும் பார்த்தா, 363 பேர்ல 59 பேர். அதாவது 16.3 சதவீதம். மொத்த கம்பெனி விகிதமே 16.1 தானே? ஆக, "சேல்ஸ்ல பிரச்சினை"ங்கிறது பாதி உண்மைதான். ஒரே ஒரு பதவி மொத்தத் துறையோட பேரையும் கெடுத்து வச்சிருக்கு. இந்த மாதிரி ஒரு பதிலுக்காகத்தான் நான் டாஷ்போர்டே செய்றேன்.

ஓவர்டைமும் பாருங்க. ஓவர்டைம் செய்றவங்கள்ல 30.5 சதவீதம் விலகியிருக்காங்க, செய்யாதவங்கள்ல 10.4. வித்தியாசம் பெருசு. ஆனா ஓவர்டைம்தான் காரணம்னு இது நிரூபிக்கலை. எங்கே போய்க் கேட்கணும்னு காட்டுது, அவ்வளவுதான்.

சின்னக் கூட்டம், பெரிய ஆபத்து

இப்போ எச்ஆர் துறைக்கு வாங்க. 63 பேர்ல 12 பேர் விலகினாங்க. இன்னும் ஒரே ஒருத்தர் விலகியிருந்தா? 19 சதவீதம் 20.6 ஆகி, சேல்ஸுக்குச் சமமா நின்னிருக்கும். ஒருத்தருக்குக் கல்யாணமாகி ஊர் மாறினாக்கூடப் போதும், துறையோட "நிலவரம்" மாறிடும். அதே ஒருத்தர் ஆராய்ச்சித் துறையில இருந்தா 0.1 சதவீதம்தான் நகரும்.

ஒவ்வொரு ஃபில்டரும் கூட்டத்தைச் சின்னதாக்குது. கூட்டம் சின்னதாக ஆக, ரெண்டு விஷயம் ஒரே நேரத்துல நடக்கும். சதவீதத்து மேல நம்பிக்கை குறையும், அதுக்குள்ள இருக்கிற மனுஷன் வெளியே தெரிவார். துறை, பதவி, பாலினம், வயசுன்னு நாலு பட்டன் அழுத்தினா ஒரே ஒருத்தர் மிஞ்சலாம். அப்போ "சராசரி சம்பளம்"னு திரையில வர்றது அவரோட சம்பளம்.

அதனால சதவீதம் இருக்கிற இடத்துல எல்லாம் ஆட்கள் எண்ணிக்கையும் இருக்கணும். குறைந்தபட்சம் இத்தனை பேர் இருந்தாத்தான் எண்ணைக் காட்டுவேன்னு ஒரு எல்லை வைங்க. அஞ்சோ பத்தோ, உங்க எச்ஆர் குழுவோட பேசி முடிவு பண்ணுங்க.

எக்செல்ல இன்னொரு பொறி இருக்கு. பிவட்ல ஒரு எண் மேல டபுள் கிளிக் பண்ணிப் பாருங்க. அந்த எண்ணுக்குள்ள இருக்கிற அத்தனை பேரோட வரியும், சம்பளத்தோட சேர்த்து, புது ஷீட்ல வந்து விழும். தரவு ஷீட்டை மறைச்சாலும் வரும். அதை அழிச்சாலும் வரும், ஏன்னா ஃபைலுக்குள்ள பிவட் ஒரு பிரதியை வச்சிருக்கும். அந்த ஃபைலை மெயில்ல அனுப்பினா எல்லாரோட சம்பளத்தையும் அனுப்பின மாதிரிதான். கேள்விக்குத் தேவையில்லாத நெடுவரிசைகளை ஆரம்பத்திலேயே நீக்கிடுங்க. வெளியே போறது பிடிஎஃப்-ஆ இருக்கட்டும். யார் எந்த வரிகளைப் பார்க்கலாம்னு ஆளுக்கு ஆள் பிரிக்கணும்னா, பவர் பிஐ-ல ரோ லெவல் செக்யூரிட்டின்னு ஒரு வசதி இருக்கு, அங்கே மாறுங்க.

இந்த வார வேலை: அந்த ஃபைலை இறக்கி ஒரு பிவட், ஒரு ஸ்லைசர் மட்டும் போடுங்க. எத்தனை கிளிக்ல ஒரே ஒரு ஆள்கிட்ட வந்து நிக்கிறீங்கன்னு எண்ணிப் பாருங்க. அந்த ஆள் நீங்களா இருந்தா எந்த இடத்துல நிறுத்தச் சொல்லுவீங்களோ, உங்க டாஷ்போர்டு அங்கேயே நிக்கணும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.