'மாஸ்' முடிந்ததா, தொடங்கியதா?

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. திருப்பலி முடிந்து, காட்டுப்பாக்கம் நிறுத்தத்தில் ஷேர் ஆட்டோவுக்காகக் காத்திருந்தோம். பக்கத்தில் ஓர் இளைஞன் கைப்பேசியில் நண்பனிடம் முந்தின நாள் பார்த்த சினிமாவைப் பற்றி உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். "மச்சான், இன்டர்வல் சீன் மரண மாஸ்டா!"

கையில் செபமாலையோடு நின்றிருந்த அவனுடைய ஆயா பதறிப்போனார். "யாருப்பா செத்துப்போனது? மாஸ் எத்தனை மணிக்காம்?"

"ஐயோ ஆயா, அது அந்த மாஸ் இல்ல!" என்று பேரன் தலையில் கைவைத்துக்கொண்டான். சுற்றி நின்ற எல்லாரும் சிரித்துவிட்டோம். பேரனும் ஆயாவும் சொன்னது ஒரே சொல்தான். ஆனால் ஒருவர் திரையரங்கில் நின்றார், மற்றவர் கோவிலில் நின்றார்.

இந்தச் சின்ன ஆங்கிலச் சொல் நம் ஊரில் எத்தனை வேடம் போடுகிறது! கதாநாயகன் காரைவிட்டு இறங்கி நடந்து வந்தால் 'மாஸ்'. பெருங்கூட்டம் சேர்க்கும் அரசியல்வாதி 'மாஸ் லீடர்'. ஊழியர்கள் எல்லாரும் சேர்ந்து விடுப்பு எடுத்தால் 'மாஸ் லீவ்'. தேர்வு அறையில் எல்லாரும் பார்த்து எழுதினால் 'மாஸ் காப்பி'. தொழிற்சாலையில் ஒரே மாதிரிப் பொருளை ஆயிரக்கணக்கில் செய்தால் 'மாஸ் புரொடக்‌ஷன்'. அறிவியல் வகுப்பில் 'மாஸ்' என்றால் நிறை. ஞாயிறு காலையில் நம் வீடுகளில், "மாஸுக்கு நேரமாச்சு, கிளம்பு!"

இவையெல்லாம் ஒரே சொல்லின் பல பொருள்களா? இல்லை. உண்மையில் இவை இரண்டு தனித்தனிச் சொற்கள். வேறு வேறு ஊரில் பிறந்து, ஆங்கிலத்துக்கு வந்து ஒரே எழுத்துக்கூட்டலைப் பெற்றுவிட்டன.

முதல் சொல்: பிசைந்த மாவு

நிறை, திரள், கூட்டம் என்னும் பொருள்களைத் தரும் 'மாஸ்' கிரேக்க மொழியிலிருந்து கிளம்பியது. அங்கே 'மாஸா' என்றால் பிசைந்து செய்த வாற்கோதுமை அப்பம். அது இலத்தீனில் 'மாஸ்ஸா' ஆகி, மாவு உருண்டை, திரண்ட கட்டி என்று பொருள் விரிந்தது. பிறகு திரண்டது எல்லாம் 'மாஸ்' ஆயிற்று. திரண்ட மக்களும் அப்படியே. கூட்டத்தைத் திரட்டும் நாயகனையும் நம் தமிழ்ச் சினிமா அந்தப் பெயராலேயே கொண்டாடுகிறது.

இரண்டாம் சொல்: அனுப்புதல்

நாம் கோவிலில் காணும் 'மாஸ்' இலத்தீன் மொழியின் 'மிஸ்ஸா' என்னும் சொல்லிலிருந்து வந்தது. அதற்கு அனுப்பிவைத்தல் என்று பொருள். இலத்தீன் திருப்பலியின் முடிவில் மக்களை அனுப்பிவைக்கும் வாக்கியத்தில் இச்சொல் வருகிறது. 1960களில் திருப்பலி தமிழுக்கு வருவதற்கு முன் இலத்தீனில் 'பூசை' கண்ட பெரியவர்களின் காதில் அது இன்னும் ஒலிக்கலாம். 'கிறிஸ்துமஸ்' என்பதன் கடைசியில் இருக்கும் 'மஸ்' கூட இதுவே. கிறிஸ்துவின் திருப்பலி என்பதே அதன் பொருள்.

இந்தச் சொல்லின் உறவினர்களை நாம் நன்றாக அறிவோம். மிஷன் பள்ளி, மிஷன் ஆஸ்பத்திரி, மிஷனரி எல்லாம் அனுப்புதல் என்னும் அதே வேரில் கிளைத்தவை. ஏவுகணையை ஆங்கிலத்தில் 'மிசைல்' என்கிறோமே, அதுவும் ஒரு பங்காளிதான்!

நாம் 'திருப்பலி' என்கிறோம். மலையாளச் சகோதரர்கள் 'குர்பானா' என்கிறார்கள். சிரியாக் மொழியில் அதற்குக் காணிக்கை என்று பொருள். இவ்விரு பெயர்களும் பீடத்தில் நடப்பதைச் சொல்கின்றன. 'மாஸ்' என்னும் பெயரோ வாசலில் நடப்பதைச் சொல்கிறது. இவ்வளவு பெரிய மறைபொருளுக்கு அதன் கடைசி நிமிடத்திலிருந்து பெயர் எடுத்தது வியப்பல்லவா? நம்பிக்கையாளர்கள் தம் அன்றாட வாழ்வில் இறைத்திருவுளத்தை நிறைவேற்ற அனுப்பப்படுவதால்தான் இந்தப் பெயர் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி விளக்குகிறது (எண் 1332). திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட், 2007இல் நற்கருணை பற்றி எழுதிய ஊக்கவுரையில் இதை நினைவூட்டினார். அடுத்த ஆண்டே, நற்செய்தியை அறிவிக்கவும் வாழ்வால் இறைவனை மாட்சிப்படுத்தவும் மக்களை அனுப்பும் புதிய நிறைவு வாக்கியங்களுக்கு ஒப்புதல் கிடைத்தது.

ஒரே அதிகாரத்தில் எல்லாம்

யோவான் நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தை இன்று ஒருமுறை எடுத்து வாசியுங்கள். வாற்கோதுமை அப்பங்கள் ஐந்து இருக்கின்றன. ஐயாயிரம் பேர் திரண்ட கூட்டம் இருக்கிறது. வயிறு நிறைந்ததும் அந்தக் கூட்டம் இயேசுவைப் பிடித்துக்கொண்டுபோய் அரசராக்கப் பார்க்கிறது. நம் காலத்து மொழியில் சொன்னால், அவரை 'மாஸ் ஹீரோ' ஆக்க முயல்கிறது. அவரோ தனியாக மலைக்கு விலகிப்போகிறார். மறுநாள், தாமே வாழ்வு தரும் உணவு என்று போதிக்கிறார். அது கேட்கக் கடினமாக இருந்ததால் சீடர்களில் பலர் விலகிப்போய்விடுகிறார்கள். எஞ்சிய பன்னிருவரிடம், நீங்களும் போய்விட நினைக்கிறீர்களா என்று கேட்கிறார்.

அவர்கள் போகவில்லை. பின்னாளில் போனார்கள், ஆனால் அனுப்பப்பட்டுப் போனார்கள். விட்டுப் போவதும் அனுப்பப்பட்டுப் போவதும் ஒன்றல்ல.

இந்த இடத்தில் என் மனம் என்னைக் குத்துகிறது. நற்கருணை வாங்கிய கையோடு, வண்டியை எடுக்க நெரிசலாகிவிடுமே என்று, இறுதி ஆசீருக்கு முன் எத்தனை ஞாயிறுகள் நழுவியிருக்கிறேன்! 'மாஸ்' பார்த்துவிட்டேன் என்ற நிறைவோடு வீட்டுக்கு வந்திருக்கிறேன். ஆனால் எந்தக் கணத்தால் அதற்கு அந்தப் பெயர் வந்ததோ அந்தக் கணத்தில் நான் அங்கே இல்லை. அனுப்பப்படாமலே போய்விட்டேன்.

2020இல் கொரோனா ஊரடங்கின்போது கோவில் கதவுகள் அடைபட்டன. தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் திருப்பலி கண்டோம். முடிவில் குரு நம்மை அனுப்பிவைத்தபோது, எங்கே போவது? தெருவே அடைபட்டிருந்தது. ஆனாலும் அடுத்த வீட்டு முதியவருக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தவர்களும், வேலையிழந்த வெளிமாநிலத் தொழிலாளிக்குச் சோறு கொடுத்தவர்களும் இருந்தார்கள். அனுப்பப்பட்டவருக்குப் பத்தடி தூரமும் மறைத்தளம்தான் என்று அவர்கள் காட்டினார்கள்.

காட்டுப்பாக்கம் வழியாகச் செல்லும் நம் சாலையின் ஒரு முனை பூந்தமல்லி, மறுமுனை பரங்கிமலை. அந்த மலையில் இரத்தம் சிந்தினார் என்று மரபு சொல்லும் புனித தோமாவை எண்ணிப் பாருங்கள். உயிர்த்த ஆண்டவர், தந்தை தம்மை அனுப்பியதுபோல் சீடர்களை அனுப்பிய அந்த மாலையில் தோமா அங்கே இல்லை (யோவான் 20:21-24). அவரும் ஒரு ஞாயிறைத் தவறவிட்டவர்தான்! ஆனால் எட்டு நாளுக்குப் பின் வந்தார், கண்டார், நம்பினார். பிறகு நம் மண்வரைக்கும் வந்தார். 'அப்போஸ்தலர்' என்ற கிரேக்கச் சொல்லுக்கும் அனுப்பப்பட்டவர் என்றுதான் பொருள். ஆகவே, தவறவிட்ட நமக்கும் நம்பிக்கை உண்டு.

தமிழில் நாம் யாரையும் வெறுமனே 'போ' என்று வழியனுப்புவதில்லை. 'போய் வா' என்போம். நம் குருவும் 'சென்று வாருங்கள்' என்றுதான் சொல்கிறார். இலத்தீன் வாக்கியத்தில் இல்லாத 'வாருங்கள்' நம் மொழியில் இருக்கிறது. வெளியே போய் உழைத்து, அன்பு செய்து, அடுத்த ஞாயிறு அந்தக் கதையோடு தாய்வீட்டுக்குத் திரும்பி வாருங்கள் என்று அதற்குப் பொருள் கொள்ளலாமே.

அன்று ஷேர் ஆட்டோ வந்தது. பேரன் ஏறிக்கொண்டு, "வீட்டுக்குத்தானே ஆயா?" என்றான்.

"இல்லப்பா. நம்ம அன்பியத்துல அந்த அம்மாவுக்குக் கால் முறிஞ்சு கெடக்கு. சாமி இன்னைக்கு என்ன பிரசங்கம் வச்சாருன்னு கேப்பா. போய்ச் சொல்லிட்டுத்தான் வீட்டுக்கு."

அந்த ஆயாவுக்கு இலத்தீன் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. 'மாஸ்' என்றால் என்ன என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது.

அன்பார்ந்தவர்களே, வரும் ஞாயிறு இறுதி ஆசீர் வரை இருப்போம். கோவில் வாசலைத் தாண்டும்போது, "ஆண்டவரே, இந்த வாரம் என்னை யாரிடம் அனுப்புகிறீர்?" என்று கேட்போம். அவர் காட்டும் வீடு பெரும்பாலும் நம் தெருவிலேயே இருக்கும்.