ஐரோப்பாவைத் தமிழில் உரைத்தவர்

முதல் உலகப் போர் 1918-இல் முடிந்தது. அதன்பின் இருபது ஆண்டுகள் ஐரோப்பாவில் நிகழ்ந்தவை ஆங்கிலம் அறிந்தார்க்கே எளிதில் எட்டின. கிருஷ்ணன்கோவிலில் பருத்தி விளைத்த உழவர்க்கும் ராஜபாளையத்தில் தறி நெய்தவர்க்கும் இத்தாலி, ஜெர்மனி என்பன வெறும் பெயர்களே. ஆனால் அங்கே போர் மூண்டால் இங்கே அரிசி விலை ஏறும். பிள்ளைகள் படையிற் சேர்வர். போர் ஏன் மூண்டது என்பதைத் தாய்மொழியில் விளக்குவாரோ மிக அரியர்.

அக்குறையைத் தீர்க்க முற்பட்டவர் வெ. சாமிநாத சர்மா. 1895-இல் அந்நாளைய வட ஆர்க்காடு மாவட்டத்து வெங்களத்தூரில் பிறந்தவர், திரு. வி. கலியாணசுந்தரனாரின் ‘தேசபக்தன்’, ‘நவசக்தி’ ஆகிய இதழ்களில் பணியாற்றித் தேர்ந்தவர். 1932-இல் பர்மாவின் அந்நாளைய தலைநகராகிய இரங்கூனுக்குச் சென்றார். 1937 முதல் அங்கே ‘ஜோதி’ என்னும் திங்களிதழின் ஆசிரியராக விளங்கினார். முசோலினி, ஹிட்லர், ஸ்பெயின் உள்நாட்டுப் போர், செக்கோஸ்லோவேகியா என அன்றாடச் செய்தித்தாளின் பொருள்களே அவருக்கு நூற்பொருள்களாயின.

செக்கோஸ்லோவேகியாவின் கதை அறியத் தக்கது. முதற்போரில் வீழ்ந்த ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசின் சிதைவிலிருந்து 1918-இல் எழுந்த குடியரசு அது. அதன் எல்லைப்புற மலைப்பகுதியில் சுமார் முப்பது இலட்சம் ஜெர்மானியர் வாழ்ந்தனர். அவர்களைக் காட்டி அப்பகுதியை ஹிட்லர் கேட்டான். 1938 செப்டம்பர் இறுதியில் மியூனிக் நகரில் பிரிட்டன், பிரான்சு, ஜெர்மனி, இத்தாலி ஆகிய நான்கு நாட்டுத் தலைவர்களும் கூடி, அதை அவனுக்குக் கொடுத்துவிட உடன்பட்டனர். நிலத்துக்கு உரிய நாட்டினரை அவையில் அமர்த்தவில்லை. தன் வீட்டுப் பொருளைப் பிறர் பங்கிடுவதை வாயிலில் நின்று கேட்டறியும் நிலை அந்நாட்டுக்கு நேர்ந்தது! இதனால் அமைதி கிட்டியது என மகிழ்ந்தோர் பலர். ஆறு திங்களுக்குள், 1939 மார்ச்சில், ஜெர்மானியப் படை தலைநகர் பிராகுவிலேயே புகுந்தது. செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் மூண்டது.

எழுதியவரையும் அப்போர் விடவில்லை. 1941 டிசம்பர் 23-ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் இரங்கூன்மீது குண்டு வீசின. அந்நகரில் தமிழர் உள்ளிட்ட இந்தியர் பெருந்தொகையினர் வாழ்ந்தனர். கப்பலில் இடம் கிடைத்தவர் சிலரே. ஏனையோர் மலையும் காடும் கடந்து இந்தியாவை நோக்கி நடந்தனர். பசியாலும் நோயாலும் வழியில் மாண்டோர் பல்லாயிரவர். 1942-இல் சர்மாவும் தம் மனைவியார் மங்களம் அம்மையாருடன் அவ்வழியே நடந்து தாயகம் சேர்ந்தார்.

பின்னர்ச் சென்னையில் தங்கி, 1978-இல் மறையும்வரை எழுத்துப்பணியிலேயே ஈடுபட்டிருந்தார். பிளேட்டோவின் ‘அரசிய’லையும் ரூசோவின் ‘சமுதாய ஒப்பந்த’த்தையும் தமிழாக்கினார். தாம் நடந்த நெடுவழியை ‘எனது பர்மா வழிநடைப் பயணம்’ என்னும் நூலில் எழுதியுள்ளார்.