கதவைத் தட்டும் எதிரொலி



பேய்ப் படம்னா நமக்கு என்ன தெரியும்? வெள்ளைச் சேலை, நாய் ஊளை, படாரென்று ஒரு சத்தம். அவ்வளவுதானே! 2004 டிசம்பரில் மெட்ரோ மணிலா திரைப்பட விழாவில் வந்த ‘சிகாவ்’ என்ற பிலிப்பைன்ஸ் படம் வேற ரகம். இயக்கியவர் யாம் லரானாஸ். தகலாக் மொழியில் ‘சிகாவ்’ என்றால் அலறல்.

கதை சின்னதுதான். மார்வின் என்ற இளைஞன் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டிடத்தில் குடியேறுகிறான். பக்கத்தில் ஒரு போலீஸ்காரர், அவர் மனைவி ஆனா, ஒரு பெண் குழந்தை. தினமும் அடி, அழுகை, அலறல். போகப் போகத்தான் தெரிகிறது, அவர்கள் உயிரோடு இல்லை! நடந்து முடிந்த கொடுமைதான் எதிரொலியாகத் திரும்பத் திரும்ப வருகிறது. 2008-இல் லரானாஸே இதை ஹாலிவுட்டில் மறுபடி எடுத்தபோது வைத்த பெயரும் ‘தி எக்கோ’தான். ஆனாவாக நடித்த இசா கல்சாடோ அதிலும் நடித்தார்.

வெறும் சத்தம் ஏன் பயமுறுத்துது? நாம படிச்ச இயற்பியலிலேயே பதில் இருக்கு. ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். எதிரொலி தனியாகக் கேட்க 0.1 நொடி இடைவெளி வேண்டும். அதற்குச் சுவர் 17 மீட்டராவது தள்ளி இருக்கணும். குறுகலான நடைபாதையில் அந்த இடைவெளி கிடைக்காது. ஒலிகள் கலந்துபோய், எந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து வருதுன்னே புரியாது.

ஆனால் என்னை உலுக்கியது அது இல்லை. எங்க லைன் வீட்டில், பக்கத்து வீட்டு அக்கா அடி வாங்கும் ராத்திரிகளில், “அது அவங்க குடும்ப விஷயம், நீ படி” என்பார் அம்மா. எங்க வீட்டில் முதல்முதலா படிக்க வந்தவன் நான். காதைப் பொத்திக்கிட்டுப் படிச்சேன். பாஸும் ஆனேன். அந்த அக்கா இப்போ அங்கே இல்லை.

படம் வந்த அதே 2004 மார்ச்சில், பெண்கள், குழந்தைகள் மீதான வன்முறைக்கு எதிராகப் பிலிப்பைன்ஸில் 9262-ஆம் எண் சட்டம் வந்தது. நேரில் அறிந்த எந்தக் குடிமகனும் புகார் கொடுக்கலாம். அளவு மீறாமல் குறுக்கே போய்க் காப்பாற்றுபவர் மீது வழக்கு வராது. அதாவது, ‘குடும்ப விஷயம்’ என்ற கதவைச் சட்டமே திறந்துவிட்டது.

நண்பர்களே, பேய் இருக்கோ இல்லையோ, கேட்டும் கேட்காத மாதிரி இருந்த சத்தம் போகாது. அடுத்த முறை நான் கதவைத் தட்டுவேன். நீங்க?