மாற்று எஞ்சினும் மறந்த கம்பியும்

2014இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் வண்டிகள் பலவற்றில், பெட்ரோல் எஞ்சினை அகற்றி டீசல் எஞ்சின் பூட்டியிருப்பர். அத்தகைய வண்டியொன்றை ஆவூரில் பார்வையிட்டேன். சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற ஒலி மட்டுமே எழும். பட்டறைக்காரர்கள் 'செல்ஃப்' என வழங்கும் ஸ்டார்ட்டர் மோட்டார் சுழலாது. புதிய மோட்டார் வாங்க உரிமையாளர் கடனுக்கு அலைந்துகொண்டிருந்தார்.

பெட்ரோல் எஞ்சின் காற்றை ஏறத்தாழ எட்டு மடங்கு அழுத்தும். டீசல் எஞ்சினோ இருபது மடங்குக்கும் மேல். அதனைச் சுழற்ற நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். அது பாட்டரியிலிருந்து சென்றால் மட்டும் போதுமா? திரும்பியும் வரவேண்டுமே! எஞ்சின் அமர்ந்திருப்பதோ மின்சாரம் கடத்தாத ரப்பர்த் தாங்கிகளின்மேல். எஞ்சினையும் வண்டியின் உடலையும் இணைக்கும் தடித்த எர்த் கம்பியே அதற்குரிய வழி. எஞ்சின் மாற்றும்போது எளிதில் விடுபட்டுப்போவதும் அதுவே.

கியரை நியூட்ரலில் நிறுத்தி, வோல்ட்மீட்டரின் ஒரு முனையை எஞ்சினிலும் மறுமுனையைப் பாட்டரியின் எர்த் முனையிலும் வைத்துச் சாவியைத் திருப்பச் சொன்னேன். அரை வோல்ட்டுக்குள் நிற்கவேண்டிய முள் ஏழைத் தொட்டது. ஆக்ஸிலேட்டர் கம்பி கைபொறுக்காத சூடு! வழியற்ற மின்னோட்டம் அதனூடே பாய்ந்திருக்கிறது. அருகில் எண்ணெய்க் குழாய் இருப்பின் என்னாகும் என்பதை நேயர்களே எண்ணிப்பாருங்கள்.

பெயிண்டைச் சுரண்டி, வெற்றிரும்பில் எர்த் கம்பியை முடுக்கியதும் செல்ஃப் சுழன்றது. அதன் பின்னும் மந்தமாகச் சுழலுமாயின், பெட்ரோல் எஞ்சினுக்கென அமைந்த மெல்லிய கேபிளையும் சிறிய பாட்டரியையும் சோதிக்கவேண்டும். மோட்டாரைக் கழற்றுவது அதற்கும் பிறகே.