அதிர்வலைகளின் குன்றுகள்

2025ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் காலையில் ஜொகூர் மாநிலத்தின் சிகாமட் வட்டாரத்தில் 4.1 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. இத்தகைய அதிர்வைக் கருவி வளைகோடாகப் பதிவு செய்கிறது. அக்கோட்டில் விரைவான அதிர்வும் மெதுவான அதிர்வும் கலந்திருக்கும். அவற்றைப் பிரித்தறிய உதவும் கணித முறையே சிற்றலை உருமாற்றம். 1980களில் பிரெஞ்சு அறிஞர் ழான் மோர்லே இதற்கு வித்திட்டார்.

இம்முறையில் குறுகிய அலை ஒன்றைச் சுருக்கியும் நீட்டியும் பதிவின் ஒவ்வொரு பகுதியோடும் ஒப்பிடுவர். விடையை முப்பரிமாண வரைபடமாக்கினால், ஓர் அச்சு நேரத்தையும் மற்றோர் அச்சு அதிர்வெண்ணையும் உயரம் வலிமையையும் காட்டும். வலிய அதிர்வுகள் குன்றுகளாக எழும். அருகில் நிகழும் நடுக்கத்தில் விரைவான அதிர்வுகள் மிகுதி. தொலைவிலுள்ள சுமத்திராவிலிருந்து வரும் அலைகளில் மெதுவானவை மிகுதி. உயரமான கட்டடங்களை அதிகம் ஆட்டுபவை மெதுவான அலைகளே. எனவே, குன்று எங்கே எழுகிறது என அறிவது பாதுகாப்பான கட்டட வடிவமைப்புக்குத் துணைபுரியும்.