புல்லாங்குழலுக்கு பேட்ச் நம்பர் உண்டா?

செம்பரம்பாக்கம் ஏரியைத் தாண்டினால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று கார் தொழிற்சாலைகள் வரிசைகட்டி நிற்கும். அங்கே செய்த கியர்பாக்ஸில் பழுது வந்தால், அதில் பொறித்த எண்ணை வைத்து எந்தத் தேதி, எந்த ஷிஃப்ட், எந்த மெஷின் என்று பின்னாலேயே போய்க் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்தத் தொழிற்சாலை ஊழியர்களை ஏற்றிவரும் பஸ்ஸில் 1976-இல் வந்த ‘அன்னக்கிளி’ பாட்டு ஓடும். இசையமைத்தவர் இளையராஜா, பாடியவர் எஸ். ஜானகி என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் வாத்தியங்களை வாசித்தவர்கள் யார்? அந்தக் காலத்து இசைத்தட்டு உறைகளில் அவர்கள் பெயரைப் பொதுவாக அச்சிடுவதில்லை.

அப்படியானால் எப்படித்தான் கண்டுபிடிப்பது? முதல் வழி, காகிதம். அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்து நாட்டுப்புறச் சாயல் பாடல்களில் கிடார் வாசித்தவர்களைத் தேடியவர்களுக்குக் கைகொடுத்தவை, இசைக்கலைஞர் சங்கத்தின் சம்பளப் படிவங்கள். யாருக்கு எந்தப் பதிவுக்குக் கூலி என்ற கணக்கு அதில் இருக்கும். சென்னையிலும் எம்.பி. சீனிவாசன் முன்னின்று உருவாக்கிய திரையிசைக் கலைஞர் சங்கம் உண்டு. வாத்தியக்காரர்களுக்குக் கால்ஷீட் கணக்கும் உண்டு. கூடவே, இசைத்தட்டின் லேபிளுக்கும் பள்ளங்களுக்கும் நடுவே வழுவழுப்பான வளையத்தில் ஓர் எண் இருக்கும். அது தட்டின் பேட்ச் நம்பர் மாதிரி. எந்தப் பதிவு என்று சொல்லும். யார் கை என்று சொல்லாது.

கையைச் சொல்வது காதுதான். உறுமியின் ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது, குச்சி தோலைப் பிடிக்கிறது, நழுவுகிறது, மறுபடி பிடிக்கிறது. அந்த முனகல் அப்படித்தான் பிறக்கிறது. வயலினில் வில் செய்வதும் இதே வேலை. எவ்வளவு அழுத்தம், என்ன வேகம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஸ்வரத்தை அசைக்கும் விரலும் அப்படியே. மேலை பாணியில் வயலின் வாசிப்பவரின் விரல் நொடிக்குச் சுமார் 5 முதல் 7 முறை அசையும்.

ஒப்பிட, ஆள் தெரிந்த மாதிரி ஒன்று வேண்டும். ‘ராஜ பார்வை’ (1981) படத்தில் வயலினைத் தாங்கி நின்றது கமல்ஹாசன், ஒலித்தது வி.எஸ். நரசிம்மனின் வில். 1986-இல் வந்த ‘ஹவ் டு நேம் இட்’ இசைத்தொகுப்பிலும் தனி வயலின் அவருடையதே. இவற்றைப் பலமுறை கேட்ட காது, பெயரில்லாத ஓர் இடையிசையில் அந்த வில்லை நினைவுகூரும். கணினியில் ஒலியைப் படமாக விரித்தால், ஸ்வரம் தொடங்கும் விதத்தையும் அசைவின் வேகத்தையும் கண்ணாலும் ஒப்பிடலாம்.

இங்கேதான் வழுக்கும். ஒலிநாடா 6 சதவீதம் வேகமாக ஓடினால் சுருதி ஏறக்குறைய ஒரு ஸ்வரஸ்தானம்தான் ஏறும். ஆனால் விரலின் அசைவும் அதே அளவு வேகம் கூடி, வேறு ஆளின் கை போலத் தோன்றலாம். ஒரே மாஸ்டரிடம் படித்த இருவரின் கையும் ஒன்றுபோல ஒலிக்கலாம். மூத்த கலைஞரின் நினைவும் பத்துப் படங்களை ஒன்றாகக் குழப்பலாம். அதனால் காது ஒரு பெயர் சொன்னால், காகிதமோ சக கலைஞரோ அதையே தனியாகச் சொல்லும்வரை அது வெறும் ஊகம்தான்.

உங்கள் உறவிலோ தெருவிலோ ஸ்டுடியோவில் வாசித்த பெரியவர் இருந்தால், பழைய பாட்டைப் போட்டுக் காட்டிக் கேளுங்கள். அவர் சொல்லும் பெயரை இசைத்தட்டு உறையின் உட்புறம் பென்சிலால் எழுதுங்கள். யார் சொன்னது, எந்தத் தேதியில் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஒரகடத்தில் ஷிஃப்ட் குறிப்பதும் இதற்காகத்தான்: பின்னால் ஒருவர் தேடி வருவார்.